ஜீப்காரர் வீட்டு நெட் வேகம்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சுபஸ்ரீ மதுரையில் இருந்துகொண்டு, “ஐயா, நாக்கை நல்லா…” என்று தொடங்கினாள். அதோடு சரி. ஒரு கண் மூடி, வாய் கோணி, அவள் முகம் செல்போன் திரையில் அப்படியே நின்றுவிட்டது. பண்ணைக்காட்டில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நல்லுசாமி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தானும் ஒரு கண்ணை மூடி, வாயைக் கோணிக் காட்டினார். அதைத்தான் செய்யச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

“அது இல்லைங்க. படம் நின்னு போச்சு,” என்றாள் அவர் மனைவி பரமேஸ்வரி.

நல்லுசாமி வாயை நேராக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். நேராக்கியது இடது பாதிதான். வலது பாதி ஆவணியில் பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் சொல் கேட்பதில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மட்டும் திரும்பி வந்தது. “அம்மா, கேக்குதா? நான் வெளிப்படையா சொல்லிடுறேன். எனக்கு ஐயாவோட உதடு தெரியணும், நாக்கு தெரியணும். வெறும் சத்தத்தை வச்சு நான் ஒன்னும் செய்ய முடியாது. இந்த மாசம் பாக்குறேன். இப்படியே இருந்தா வீடியோ கிளாஸை நிறுத்திட்டு, நீங்க வாரத்துக்கு ரெண்டு தடவை நேர்லதான் வரணும்.”

“மதுரைக்கா?”

“வேற வழி இல்லம்மா. பேச்சு திரும்புறதுன்னா மொத சில மாசத்துலதான் நல்லா திரும்பும். அதை வீணாக்கக் கூடாது.”

அது பரமேஸ்வரிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலைமேல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே நரைத்து ஓய்வு பெற்றவள். வாய் போன ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறாள். பேச்சு வந்தவர்களும் உண்டு, கையை ஆட்டியே காலத்தை ஓட்டியவர்களும் உண்டு. முதல் சில மாதங்களை விட்டவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

ஆனால் மதுரைக்குப் போவதென்றால் மலை இறங்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவை சோதனைக்காகக் காரில் படுக்க வைத்துக் கூட்டிப் போனாள். டம்டம் பாறை வருவதற்குள் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. கீழே போய்ச் சேர்ந்தபோது ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. இப்படி இழுத்துக்கொண்டு வராதீர்கள் என்று அங்கிருந்த டாக்டரே கடிந்துகொண்டார். வாழ்க்கை முழுவதும் வளைவு வளைவாக ஓட்டியவருக்கு இப்போது வளைவு ஆகவில்லை. ஸ்டியரிங் கையில் இருந்தவரைக்கும் அவர் வளைவைத் திருப்பினார். பின் சீட்டில் படுத்தால் வளைவு அவரைத் திருப்பிப் போடுகிறது.

நல்லுசாமியை ஜீப்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பண்ணைக்காட்டில் கிளம்பி, தாண்டிக்குடி தாண்டி, பெரும்பாறை, ஆடலூர் என்று தினமும் ஓட்டம். அந்தப் பாதையில் பஸ்ஸும் உண்டு. ஆனால் பஸ் தன் நேரத்துக்கு வந்து தன் நேரத்துக்குப் போய்விடும். நல்லுசாமி ஆளுக்காக நிற்பார். உள்ளே எஸ்டேட் ஆட்கள், மேலே மலைவாழைத் தார்கள், காலடியில் மிளகு மூட்டை, பின்படியில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பையன்கள். அவர் போட்ட கூச்சலைக் கேட்டுத்தான் பல வீடுகளில் உலையே வைத்தார்கள். மைக் வைத்தாற்போலக் குரல்.

அந்தக் குரலில் ஆள் ஏறியது மாதிரியே செய்தியும் ஏறியது. டெலிபோன் என்பது எஸ்டேட் பங்களாவிலும் தபாலாபீசிலும் மட்டும் இருந்த காலம். ஜீப் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு யாராவது ஓடி வருவார்கள். “ஏப்பா நல்லு, பெரும்பாறைல எங்க அக்காகிட்டச் சொல்லிரு, மாடு கன்னு போட்டுருச்சு.” “ஆடலூர்ல எங்க மச்சான்கிட்டச் சொல்லு, மொளக இந்த வாரம் எறக்க வேணாமாம்.” எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். மத்தியானத்துக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். அதுவும் சொன்னவர் எப்படிச் சொன்னாரோ அதே தொனியில். ஒரு தடவை ஆடலூர்க் கண்ணனை அவன் மாமியார்க்காரி திட்டிச் சொல்லியனுப்பியதை, காப்பித் தோட்டத்தில் எல்லாரும் பழம் பறித்துக்கொண்டிருந்த இடத்தில் ஜீப்பை நிறுத்தி, இடுப்பில் கைவைத்து, ஒரு வார்த்தை குறையாமல் திட்டிவிட்டு, “இம்புட்டுத்தான் மாப்ள, நான் வரட்டா?” என்று கிளம்பிவிட்டார். கண்ணன் அதற்குப் பிறகு வெகு நாள் அந்த ஜீப்பில் ஏறவில்லை. தாய்வீட்டில் கிடந்த பெண்டாட்டியை மட்டும் மறுநாளே போய்க் கூட்டி வந்துவிட்டான்.

பரமேஸ்வரிக்கும் அப்படித்தான் அவர் பழக்கம். அவளுடைய அம்மா ஆடலூரில் இருந்தாள். ஆஸ்பத்திரி விடுதியிலிருந்து ஏதாவது சொல்லியனுப்பினால் சாயங்காலம் பதில் வரும். பதிலோடு ஒரு பை ஆரஞ்சும் வரும். “ஒங்கம்மா குடுத்துவிட்டாங்க,” என்பார் நல்லுசாமி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு. முதல் பையைத் தின்று முடிக்கும்போதே பரமேஸ்வரிக்குத் தெரியும். அவள் அம்மா வீட்டில் ஆரஞ்சு மரமே கிடையாது. தெரிந்ததை அவள் சொல்லவில்லை. பருவம் முடிகிற வரைக்கும் பழம் வந்துகொண்டிருந்தது. அடுத்த தை மாதம் கல்யாணம்.

பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்தது, பையிலே போன் வந்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வருத்தமா என்று பரமேஸ்வரி ஒரு நாள் கேட்டாள். “எதுக்கு வருத்தம்? வாய்வலி மிச்சம்,” என்றார். அந்தப் பதிலை அவள் இப்போது நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறாள். நினைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

படம் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆகிற காரியம். அதற்கு வழியைச் சுபஸ்ரீயே சொல்லியிருந்தாள். போனில் வேகம் பார்க்கிற ஆப் ஒன்று இருக்கிறது. திறந்து பொத்தானை அமுக்கினால் வட்டத்துக்குள் ஒரு முள் ஓடி, நெட் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று காட்டும். பஸ் ஸ்டாண்டில் கேபிள் கடை வைத்து வீட்டுக்கு வீடு நெட் கொடுக்கிற ஜெயமுருகன், அங்கே சுவரில் ‘நூறு எம்பிபிஎஸ்’ என்று சிவப்பில் பெரிதாக எழுதியிருந்தான். அதை நம்பித்தான் புரட்டாசியில் இணைப்பு எடுத்தது. வகுப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வந்தால்கூடப் போதும் என்றாள் சுபஸ்ரீ.

பரமேஸ்வரி பொத்தானை அமுக்கினாள். முள் எழுந்தது, நடுங்கியது, இரண்டைத் தாண்டாமல் படுத்துவிட்டது. நல்லுசாமி கழுத்தை நீட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவருடைய ஜீப்பில் வேகம் காட்டுகிற முள் ஒரு நாளும் அசைந்ததில்லை. எந்த வேகத்தில் போனாலும் பூஜ்யத்தில்தான் நிற்கும். அதைக் காட்டிக்காட்டியே போலீஸ்காரரிடம் தப்பித்திருக்கிறார்.

ஒரு தடவை பார்த்த காய்ச்சலை வைத்து எந்த நர்ஸும் முடிவுக்கு வர மாட்டாள். பரமேஸ்வரி ஒரு வாரம் விடாமல் பார்த்தாள். காலையில் அவர் விழிக்கும் முன்பு பார்த்தால் முள் நாற்பதில் போய் நின்றது. காலைப் பலகாரம் முடிந்ததும் பார்த்தாள், பதினைந்து. மதியச் சமையல் நேரத்தில் ஒன்று, இரண்டு, சில வேளை ஒன்றுமே இல்லை. சாயங்காலம் ஏறி, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி இறங்கியது. வகுப்பு நாளில்தான் இருப்பதிலேயே மோசம். முறைக்காய்ச்சல் மாதிரி நேரம் பார்த்து வந்து போகிறது. ஊரே சாப்பிட உட்காரும்போது ஆளுக்கொரு போனைத் திறக்கிறார்கள், ஜெயமுருகன் ஒரு லைனை நூறு பேருக்கு விற்றுவிட்டான் என்று அவள் தீர்மானித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை நல்லுசாமியிடம் உட்கார வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

“ஏலே ஜெயமுருகா, செவத்துல நூறுன்னு எழுதிப் போட்டுருக்கியே, எங்க வீட்டுக்கு ரெண்டுதான் வருது. மிச்சத்தை வழியில யாருலே திங்குறது?”

ஜெயமுருகன் கடைக்குள் வயர் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தான். எழுந்து ஸ்டூலைத் துடைத்தான். “மொதல்ல உக்காருங்க நர்ஸம்மா. டீ சொல்றேன்.”

“டீயெல்லாம் வேணாம். வீட்டுல சோலி கெடக்கு.”

“எந்த நேரத்துல கொறையுது?”

“வெள்ளனே நல்லா இருக்கு. பதினோரு மணி வாக்குல செத்துப்போகுது. அப்பத்தான் இவருக்கு கிளாசு.”

ஜெயமுருகன் தலையைச் சொறிந்தான். “பதினோரு மணிக்கா? அது லைன் சும்மா கெடக்குற நேரமாச்சே. புள்ளைக ஸ்கூல்ல, பெருசுக தோட்டத்துல. ராத்திரி எல்லாரும் படம் பாக்கும்போது கொறையுதுன்னா சரின்னு ஒத்துக்குவேன்.”

“அப்ப நான் பொய் சொல்றேங்குறியா?”

“ஐயோ, ஒங்க கையில ஊசி வாங்குனவன் நான். அந்த எடம் இன்னும் வலிக்குது. ஒங்களைப் போயி பொய்யின்னு சொல்வேனா?”

“வலிச்சாத்தான் மறக்க மாட்ட. மழை புடிச்சதுல இருந்துதான் இப்படி. எங்கயோ தண்ணி எறங்கிருக்கு, வந்து பாரு.”

“இது தண்ணி எறங்குற வயரு இல்ல நர்ஸம்மா. அப்புறம் ஒன்னு, நான் நூறுன்னு சொல்றது வயர் வந்து மோடத்துல சேர்ற வரைக்கும். அங்கருந்து காத்துலதான போகுது. அதுக்கு வீட்டுச் செவரு எப்படி, பெட்டி எங்க இருக்கு, எல்லாம் கணக்கு. நான் லேப்டாப் கொண்டாந்து நேரா வயர சொருகிப் பாக்குறேன். அதுல நூறு பக்கம் வரலேன்னா நீங்க மாசக் காசே தர வேணாம்.”

“காச நீயே வச்சுக்க. எனக்கு அவரு வாய் அந்தப் பொண்ணுக்குத் தெரியணும். நாளைக்கு கிளாசுக்கு முன்னாடி வெரசா வந்து சேரு.”

மறுநாள் பரமேஸ்வரி வழக்கம்போல வகுப்புக்குத் தயார் செய்தாள். வகுப்பு நாளில் நல்லுசாமியை அழுக்கு முகத்தோடு அந்தப் பெண் முன்னால் உட்கார வைக்க அவளுக்கு மனம் வராது. கேஸ் அடுப்பில் பெரிய பானை ஏறாது, விறகடுப்பில்தான் வெந்நீர். காப்பிச் செடி கவாத்து செய்த சுள்ளிகள் மலையாகக் கிடந்தன. அடுப்பு நன்றாகப் பிடித்து எரிந்தது. முதுகைத் துடைத்து, எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்த்து, கால்விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை வலது கையிலிருந்து தொடங்கி மாட்டிவிட்டாள். முடித்து நிமிர்ந்தபோது ஜெயமுருகன் லேப்டாப் பையோடு வாசலில் நின்றான்.

“அண்ணே, எப்படிண்ணே இருக்கீங்க?” என்று நல்லுசாமியின் இடது கையைப் பிடித்தான். பின்படியில் தொங்கியே பள்ளிக்கூடம் முடித்தவன் அவன். நல்லுசாமி கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

ஜெயமுருகன் சுவரைப் பார்த்தான். ஆணி இருந்தது. ஆணியில் காலண்டர் தொங்கியது. “நர்ஸம்மா, நான் இங்கதான மோடத்த மாட்டுனேன்?”

“இந்தச் செவரு ஐப்பசியில தண்ணியாக் கசியும்லே. உள்ள ஈரம் எறங்கிரும்னு எடுத்துப் பத்திரமா வச்சுட்டேன். நீ சுருட்டி விட்டுட்டுப் போன வயரைப் பிரிச்சு நீட்டிவிட்டது பக்கத்து வீட்டுப் பையன்.”

“எங்க வச்சீங்க?”

“அடுப்பு மேல.”

ஜெயமுருகன் கையை விடுவித்துக்கொண்டு மெதுவாகச் சமையலறைப் பக்கம் நடந்தான்.

அந்த மலையில் எது கெடக்கூடாதோ அது அடுப்புக்கு மேலே உள்ள பரணில்தான் இருக்கும். பனி இறங்கினால் செருப்பில் பூசணம் பூக்கும், துணியில் பூக்கும், கல்யாண போட்டோவில் பூக்கும். புகையும் சூடும் படுகிற பரண் ஒன்றுதான் வீட்டில் காய்ந்த இடம். அவரை விதை, உப்பு, தீப்பெட்டி, மிளகு, பரமேஸ்வரியின் நர்ஸ் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் அங்கேதான். கல்யாணத்துக்கு வாங்கிய ரேடியோவும் மழைக்காலமெல்லாம் அங்கே இருந்துதான் பாடியது. பக்கத்து வீடுகளில் ரேடியோக்கள் ஒவ்வொன்றாகக் கரகரத்து அடங்கியபோது அவர்கள் வீட்டு ரேடியோ மட்டும் கணீரென்று செய்தி வாசித்தது. ராத்திரியில் கணப்புக்கு உட்கார்ந்து இரண்டு பேரும் அதைத் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே சாப்பிட்டது பரமேஸ்வரிக்கு நினைவிருக்கிறது. மோடத்துக்கு எந்த இடம் என்று அவள் யோசித்துப் பார்க்கவே இல்லை. விலை கூடின பொருள், மின்சாரத்தில் ஓடுவது, ஈரம் ஆகாது. அந்த வீட்டில் அதற்கு வேறு இடமே கிடையாது.

ஸ்டூல் மேல் ஏறின ஜெயமுருகன், “இது என்னது, பிஸ்கட் டின்னா?” என்றான்.

“எலி வயரைக் கடிக்கும். தகரத்துல வச்சா கடிக்காதுல்ல. வயருக்கு ஓட்டை போட்டிருக்கேன்.”

“மூடி வேற போட்ருக்கீங்க…” என்றபடி கையை வைத்தவன், “ஆத்தே!” என்று கத்திக் கையை உதறினான். பிடிதுணி கொடுத்த பிறகுதான் டின்னை இறக்க முடிந்தது. உள்ளே மோடம் கரிப்பிசுக்கு அப்பிக் கறுத்து, காற்றுப் போகிற ஓட்டைகளெல்லாம் அடைத்துக் கிடந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. பரமேஸ்வரி பழக்கதோஷத்தில் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

“நூறு வரலே நூறு வரலேன்னீங்களே,” என்றான் ஜெயமுருகன், விரலை ஊதிக்கொண்டே. “தெர்மாமீட்டரை வச்சுப் பாருங்க. நூத்தி அஞ்சு இருக்கும்.”

அடுப்பு பற்றும்போதெல்லாம் முள் விழுந்ததற்குக் காரணம் இப்போது அவளுக்குப் புரிந்தது. அவரைப் பளிச்சென்று உட்கார வைக்க வேண்டும் என்று எந்த அடுப்பை மூட்டினாளோ அதே அடுப்பு அவர் வாயை மறைத்திருக்கிறது. வகுப்பு நாளில் கூடுதலாக இரண்டு கட்டை வைத்துவிட்டு, ஜெயமுருகனைத் திட்டப் போயிருக்கிறாள்.

“தப்பு என் மேலதான்லே,” என்றாள். “சரி. இது பொழைக்குமா?”

“வெந்துருச்சு நர்ஸம்மா.”

“கிளாசுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு.”

“கடையில எனக்கு வச்சிருக்குறது ஒன்னு இருக்கு. வண்டியில போயி எடுத்தாறேன்.”

“நிக்காத, ஓடு.”

அவன் திரும்பி வருவதற்குள் அவள் அடுப்பிலிருந்த கட்டைகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். காலண்டரைக் கழற்றினாள். ஆணியடித்த சுவரைத் துணியால் ஒற்றினாள். ஈரம் கசிந்துகொண்டுதான் இருந்தது. ஜெயமுருகன் வந்ததும் புது மோடத்தை வயரில் மாட்டினான், ஆபீசுக்குப் போன் போட்டு அதன் நம்பரைச் சொன்னான், லேப்டாப்பை நேராக அதில் சொருகி முள்ளை ஓடவிட்டான். தொண்ணூற்று நாலு.

“கண்ணால பாத்துக்கங்க. நான் எழுதுனது பொய்யில்ல.”

“பாத்துட்டேன். செவத்துல எழுதுனத நீ அழிக்க வேணாம். இப்ப இத எங்க வைக்கிறதுன்னு சொல்லு.”

ஜெயமுருகன் மோடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் ஒவ்வொரு இடமாக நின்றான். பரமேஸ்வரி கட்டிலருகே போனை வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்துச் சொன்னாள். “வருது… வருது… போச்சு. கொஞ்சம் இந்தப் பக்கம். அங்கேயே நில்லு! அசையாதலே!”

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அந்தப் பழைய நாட்கள் ஞாபகம் வந்தன. முதன்முதலில் டிவி வாங்கியபோது நல்லுசாமி தகரக் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைக் கொடைக்கானல் டவர் பக்கம் திருப்புவார். கீழே ஜன்னலில் நின்று அவள் இப்படித்தான் கத்துவாள். “வருதா?” என்று கூரை மேலிருந்து அவர் கேட்பது தெருவுக்கே கேட்கும். காற்றடித்தால் மறுபடி ஏற வேண்டும். படம் பார்த்த நேரத்தைவிடப் படத்தை வரவழைத்த நேரம் அதிகம். அது ஒரு குறையாக அப்போது தோன்றவேயில்லை. நல்லுசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார்.

கட்டிலுக்கு எதிரே இருந்த மேசைதான் சரியான இடம் என்று முடிவாயிற்று. சுவரிலிருந்து ஒரு கை தள்ளி, மூடி ஏதும் இல்லாமல். மழைக்காலத்தில் அடிக்கடி துணியால் துடைத்துக்கொள்கிறேன் என்றாள் பரமேஸ்வரி. படுக்கையில் கிடக்கிறவரைத் துடைக்கிற கைக்கு இது ஒரு பெரிய வேலையில்லை.

போன் அடித்தது. சுபஸ்ரீயின் முகம் வந்தது, அவள் காதில் தோடு ஆடுவது வரைக்கும் தெளிவாக.

“அடேயப்பா, இன்னைக்கு நல்லா தெரியுதே! ஐயா, வணக்கம். வழக்கம்போல ‘ப’ போட்டு ஆரம்பிக்கலாம். உதட்டை மூடித் திறங்க பாப்போம்.”

நல்லுசாமி உதடுகளைச் சேர்த்தார். வலது ஓரம் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தது. திறந்தார். சத்தம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது.

சுபஸ்ரீ திரையை நோக்கிக் குனிந்தாள். “அம்மா, உதடு கூடுதே! எப்ப இருந்து?”

“போன மாசத்துல இருந்தே இப்படித்தாம்மா செய்யுறாரு.”

“எனக்குத் தெரியவே இல்லையே. சத்தம் வரலேங்குறதால ஐயா முயற்சியே பண்ணலைன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்.” சுபஸ்ரீ நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சரி. மதுரைக்கெல்லாம் வர வேணாம். இப்படித் தெரிஞ்சாப் போதும், இங்கிருந்தே பாத்துக்கலாம். ஐயா, உதடு சேந்துருச்சு. இனி அதுல குரலைச் சேக்கணும், அவ்வளவுதான். எங்க, ‘பாப்பா’ சொல்லுங்க.”

நல்லுசாமி சொல்லவில்லை.

“பாப்… பா.”

அவர் இடது கையைத் தூக்கி இல்லையென்று ஆட்டினார்.

“ஒரே ஒரு தடவை ஐயா. பாப்பா.”

நல்லுசாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. “வே… ணா,” என்றார். கட்டைக் குரல், கரடுமுரடாக, ஆனால் அவருடையது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஜெயமுருகன் அப்படியே நின்றான். பரமேஸ்வரி அவருடைய வாயோரத்தைத் துடைத்தாள். இதனால் எல்லாம் திரும்பிவிடும் என்று அவள் நினைக்கவில்லை. நாலு வார்த்தை வரலாம், நாற்பது வரலாம். வராமல் போவதற்கு அவள் வீட்டு அடுப்பு காரணமாக இருக்காது, அவ்வளவுதான்.

சுபஸ்ரீ கைதட்டிச் சிரித்தாள். “வேணாம்னா வேணாம். ஜீப் ஓட்டுனவரைப் போயி பாப்பா சொல்லச் சொன்னது என் தப்புதான். ஒங்களுக்கு என்ன வார்த்தை வேணும் ஐயா? நீங்களே எடுங்க, அதையே பழகுவோம்.”

நல்லுசாமி திரையைப் பார்த்தபடி உதடுகளைச் சேர்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கண் இமைகூட அசையவில்லை.

“அம்மா, அம்மா! ஐயா படம் நின்னு போச்சு. மறுபடியும் நெட் போயிருச்சா?”

“நெட் நல்லாத்தாம்மா இருக்கு,” என்றாள் பரமேஸ்வரி. “அவரு யோசிக்கிறாரு. இருங்க.”